வோர்டன் எங்கே படுக்கிறார்?

பல்கலைக்கழக விடுதிகளைப் பற்றி எழுதுகிற ஆட்கள் ஒன்றில் கட்டடத்தின் அழகைப் பற்றி எழுதுவார்கள், இல்லாட்டிப் பகிடிவதையைப் பற்றி எழுதுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் எப்போதும் இருந்திருக்கிறார், அவரை யாரும் கவனிப்பதில்லை. எழுத்தில் அவர் விடுதிக் காப்பாளர், எங்கட வாயில் வோர்டன். அவருக்குக் கீழே சப் வோர்டன். விடுதியிலேயே குடியிருந்து விடுதியை நடத்துவது அவர்களுடைய வேலை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எனக்கு இந்த வேலையின் கதை முக்கியமாகப்படுகிறது. பல்கலைக்கழகம் தன் மாணவரை யார் என்று நினைத்தது என்பது பாடத்திட்டத்தை விட இதிலே நல்லாத் தெரியும். அதனால் நான் கேட்பது சின்னக் கேள்விதான்: வோர்டன் இரவில் எங்கே படுத்தார்?

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மொத்தம் 904 மாணவர்கள். இன்றைக்கு ஒரு பீடத்தின் ஒரு வருட உள்வாங்கலே அந்தளவுக்கு வந்துவிடும். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் சென் கத்தரீன்ஸ் கல்லூரியில் படித்தவர். மாணவர் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம்தான் அவருடைய இலக்கு. அதற்கான இடத்தைப் பற்றி, கொழும்பா கண்டியா என்று, அவர் வருவதற்கு முன்னமே வருடக்கணக்காகச் சண்டை நடந்திருந்தது. கடைசியில் மகாவலிக் கரையில் பேராதனை. அபர்குரொம்பியும் ஹொலிடேயும் திட்டம் போட, ஷேர்லி டி அல்விஸ் கட்டட வேலையை முன்னின்று நடத்த, 1952இல் மாணவர்கள் அங்கே குடிபோனார்கள். விடுதிகளுக்கு அருணாசலம், ராமநாதன், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மார்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே யாருடைய வீடு அது என்று விளங்கும்.

கேம்பிரிட்ஜில் கல்லூரி என்றால் படுக்கிற இடம் மட்டும் இல்லை. கற்பிப்பதும் அதுதான், காணியும் காசும் அதனுடையதுதான். அங்கே ஆசிரியர் கல்லூரிக்குள் குடியிருந்தால் அது அவருடைய சொந்த நிறுவனம். பேராதனையில் கற்பிப்பது பீடம், தங்க வைப்பது விடுதி. ஆகவே இங்கே வந்த வோர்டன் தொடக்கத்திலேயே பாதி ஆள். பகலில் தத்துவமோ தாவரவியலோ படிப்பிக்கிற விரிவுரையாளர், பொழுதுபட்டால் இருநூறு, முந்நூறு பேருக்கு வீட்டுத் தலைவர். அவருக்கு விடுதியோடு சேர்ந்தோ கூப்பிடு தூரத்திலோ ஒரு வீடு. அந்த வீடுதான் பெரும்பாலும் கூலி. சப் வோர்டனுக்கு விடுதிக்குள்ளேயே அறை. பிரிட்டிஷ்காரர் இதே காலத்தில் மற்ற இடங்களிலும் இதைத்தான் செய்தார்கள். 1945இல் வந்த அஸ்குவித் ஆணைக்குழு அறிக்கை குடியேற்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் விடுதிப் பல்கலைக்கழகங்களாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. மகெரேரேயிலும் இபாடானிலும் இதே மாதிரியான விடுதிகள் எழுந்தன.

அந்த முதல் தலைமுறை வோர்டனுக்கு வேலை என்ன? அறை ஒதுக்குவது, சாப்பாட்டைப் பார்ப்பது, சத்தம் போட்டால் கண்டிப்பது. இதற்கு மேலே எழுதப்படாத ஒரு வேலை: மாணவனைக் கனவானாக்குவது. மேசையில் எப்படிச் சாப்பிடுவது, விருந்தாளியோடு எப்படிக் கதைப்பது, எல்லாம் ஆங்கிலத்தில். இதைப் பழைய மாணவர்கள் இப்போதும் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு அந்த உருக்கம் இல்லை. வெள்ளை மேசைத் துணிக்குப் பின்னால் துணி தோய்த்த ஆட்களைப் பற்றி அந்த நினைவுக் கட்டுரைகளில் ஒரு வரியும் வராது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். அந்த விடுதிகள் இனவாரியாகப் பிரிக்கப்படவில்லை. ஒரே விறாந்தையில் யாழ்ப்பாணத்தானும் காலிக்காரனும் படுத்தான். வோர்டனும் அதே கூரைக்குக் கிட்டப் படுத்தார். இரவு ஏதும் நடந்தால் அவருக்குக் காதில் விழும்.

பெண்கள் விடுதியின் கதை வேறு. அங்கே பெண் வோர்டன், மேட்ரன், கையெழுத்துப் புத்தகம். வெளியே போனால் எழுதவேணும், வந்தால் எழுதவேணும், பிந்துவதானால் முன்கூட்டியே அனுமதி. ஆண்கள் விடுதியில் வோர்டனின் பிடி வருடத்துக்கு வருடம் தளர்ந்து போனது, பெண்கள் விடுதியில் அந்தப் புத்தகம் மட்டும் தளரவில்லை. இன்றைக்கும் எத்தனை வளாகங்களில் ஆண் மாணவனுக்கு இல்லாத கதவடைப்பு நேரம் பெண் மாணவிக்கு இருக்கு எண்டு நீங்களே எண்ணிப் பாருங்கோ. பாதுகாப்பு என்று சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். பாதுகாப்பு என்றால் கதவுக்கு வெளியே இருந்து வருவதைத் தடுப்பது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1975இல் அந்த நினைப்பு எவ்வளவு பிழை என்று தெரிந்தது. பேராதனை ராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். உடல் செயலிழந்து வருடக்கணக்காக வாழ்ந்து, 2002இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கு வந்த ஆபத்து வாசலைத் தாண்டி வரவில்லை, உள்ளேயே இருந்தது. கையெழுத்துப் புத்தகத்தில் அன்று எல்லாப் பெயரும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

இதற்கிடையில் என்ன நடந்தது? 1960இலிருந்து கலைப்பீடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் படித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். கிராமத்துப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் பார்த்தவர்கள். இது இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கட வீட்டில் இருந்து நான் வந்ததும் அந்தக் கதவால்தான். ஆனால் விடுதியின் அமைப்பு மாறவில்லை. இருவருக்குக் கட்டின அறையில் நால்வர். கனவானாக்குகிற வோர்டனுக்கு முன்னால் அந்தக் கனவானையே வெறுக்கிற மாணவர். மொழியும் வேறு, வர்க்கமும் வேறு. பழைய வேலை செத்துப்போனது, புது வேலை என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மெல்ல மெல்ல அவர் குழாய் உடைந்ததைத் திருத்துவிக்கிற, கட்டில் எண்ணுகிற, கடிதம் மேலே அனுப்புகிற அலுவலராகிப் போனார். அவர் விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. சிரேஷ்ட மாணவர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கதவால் வரவேணும், என்ன உடுப்பு, யாரோடு கதைக்கலாம் என்று அவர்கள்தான் சட்டம் போட்டார்கள். கனவானாக்குகிற வேலையைத் தலைகீழாகத் திருப்பி அவர்கள் செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களும் எங்கட ஆட்கள்தான், இதை நாங்கள் சொல்லித்தான் ஆகவேணும். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை சிறை. நல்ல சட்டம். ஆனால் சட்டம் வேலை செய்யத் தொடங்குவது சம்பவம் நடந்த பிறகு. இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் மாடியில் என்ன நடக்குது எண்டு கேட்க அங்கே ஒரு ஆள் படுத்திருக்கவேணும்.

வோர்டனின் வேலையில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் தமிழில்கூட அதிகம் எழுதவில்லை. இந்தக் கட்டடத்தில் இன்றிரவு யார் யார் படுக்கிறார்கள் என்ற பட்டியல் அவரிடம்தான் இருக்கும். சாதாரண காலத்தில் அது சாப்பாட்டுக் கணக்கு. சாதாரணமில்லாத காலத்தில் அறை இலக்கமும் பெயரும் இருந்தால் ஒருவனுடைய இனம் தெரிந்துவிடும். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு யாழ்ப்பாண வளாகத்தில் படித்த சிங்கள மாணவர்கள் தெற்கே போனார்கள். 1983 மே மாதம், ஜூலைக்கு இரண்டு மாதம் முன்னமே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேறவேண்டி வந்தது. அதே விறாந்தை, அதே அறைகள். அடித்தவர்களில் பக்கத்து அறைக்காரரும் இருந்தார்கள். 1989இல் பேராதனையின் அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகளை அடுக்கி வைத்தார்கள், அந்த முறை கொல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். குளத்தின் பெயர் வளாகத்தைக் கட்டிய அதே டி அல்விஸ் உடையது.

பிறகு 1990. யுத்தம் திரும்பத் தொடங்கியபோது மட்டக்களப்பு ஊர்ச் சனம் ஆயிரக்கணக்கில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் அடைக்கலம் புகுந்தது. முகாமைப் பொறுப்பெடுத்து நடத்தியவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள். சில நூறு மாணவருக்குச் சாப்பாடும் படுக்கையும் பார்க்கிற வேலை ஒரே இரவில் ஒரு ஊருக்கே பார்க்கிற வேலையாகியது. செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து சனத்தை வரிசையில் விட்டு, தலையாட்டிகளுக்கு முன்னால் நடக்கவைத்து, 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அதே மாதம் இன்னும் சிலரும் கொண்டுபோகப்பட்டார்கள். முகாமை நடத்தியவர்கள் பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். ஒரு கூரைக்குக் கீழே படுத்த ஆட்களுக்குப் பொறுப்பாக இருப்பது என்றால் அதன் கடைசி எல்லை அதுதான்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையின் பெரும் பகுதியைச் செய்தவர்கள் பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலிலேயே இல்லை. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடத்தில் வளாகம் தொடங்கியதிலிருந்து விடுதி இடம் காணாமல் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வீட்டு அறைகளில்தான் கனபேர் தங்கினார்கள், இப்பவும் தங்குகிறார்கள். வீட்டுக்கார அன்ரிதான் அங்கே வோர்டன். பத்து மணிக்குக் கேற் பூட்டுவார், காய்ச்சல் எண்டால் கொத்தமல்லி அவித்துத் தருவார், ஆர் வந்து போனது எண்டு அம்மாவுக்கு போன் எடுத்துச் சொல்லுவார். தொல்லைதான். ஆனால் அவர் அந்த வீட்டிலேதான் படுக்கிறார். ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த வருடங்களில் வாசலில் ஆமிக்காரனிடம் இந்தப் பிள்ளை எங்கட வீட்டில்தான் இருக்கு என்று பிணை சொன்னவர்கள் இப்படியான அன்ரிமார்தான். பல்கலைக்கழக வரலாற்று மலர்களில் துணைவேந்தர்களின் படம் வரிசையாக வரும், இவர்களுக்கு ஒரு பந்தியும் இல்லை. உங்கட அம்மாமார் யாராவது இப்படி அறை வாடகைக்குக் கொடுத்திருந்தால் இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ.

இன்றைக்குப் பெரும்பாலும் வோர்டன் ஒரு விரிவுரையாளர், வேறு எங்கேயோ வீட்டில் இருக்கிறார். உள்ளே படுப்பவர் சப் வோர்டன். நான் கண்டவரையில் அவர் எங்களை விட மூன்று நாலு வயது மூத்தவர், போன வருடம் வரைக்கும் அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிட்ட ஆள், இப்ப சேர், மிஸ். அறை ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டுகிற நாளில் எல்லாரும் அவரைத்தான் ஏசுவார்கள். தண்ணி வராட்டிலும் அவர்தான், நாயைக் கலைக்கவும் அவர்தான். இரவில் யாருக்காவது மூச்சு முட்டினால் அம்புலன்ஸுக்கு அடிக்கிறதும் அவர்தான், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாங்கில் விடியும்வரை இருக்கிறதும் அவர்தான். முதலாம் வருடப் பிள்ளையை இரவில் கூட்டிக்கொண்டு போகிற சிரேஷ்ட மாணவரை நிறுத்துகிற அதிகாரம் கடதாசியில் அவருக்கு இருக்கிறது. அடுத்த நாள் அதே ஆட்களுக்கு நடுவில் தனியாகப் படுக்கவேண்டியவரும் அவர்தான்.

பல்கலைக்கழகங்கள் முழுநேர சப் வோர்டன் வேண்டும் என்று விளம்பரம் போடும்போது விடுதியில் தங்கியிருக்கவேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்றாக வரும். இலவச அறை உண்டு. எத்தனை மாணவருக்கு ஒரு சப் வோர்டன், இரவில் அவர் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதை நான் வாசித்த ஒரு விளம்பரத்திலும் காணவில்லை.