‘பிக் இம்போர்ட்டன்ஸ்’ ஏன் பிழை?

பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் நாம் அடிக்கடி சிவப்பு மையால் வெட்டுவது ‘பிக் இம்போர்ட்டன்ஸ்’. ‘கிரேட் இம்போர்ட்டன்ஸ்’ என்று மேலே எழுதுகிறோம். “ஏன் சேர், ரெண்டும் பெரிசுதானே?” என்று கேட்டால், “அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்று முடித்துவிடுகிறோம். புள்ளி போகிறது, காரணம் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். 1922இல் ஜப்பான் கல்வி அமைச்சின் மொழி ஆலோசகராக டோக்கியோ போன ஹரோல்ட் பாமர், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று திரட்டத் தொடங்கினார். 1933இல் அது பெரிய அறிக்கையாக வந்தது. பிரித்துப் படிக்காமல் ஒரே துண்டாகப் படிக்க வேண்டியவை என்ற பொருளில் ‘கொலொகேஷன்’ என்று பெயரிட்டார். அந்த வேலையைத் தொடர்ந்த ஏ.எஸ். ஹோர்ன்பியும் தோழர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவிலேயே அச்சானது. ஜப்பானும் பிரித்தானியாவும் போரில் இருந்த ஆண்டு அது! 1948இல் ஒக்ஸ்போர்ட் அதை மறுபதிப்பாக்கியது. இன்று நாம் புரட்டும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதிக்கு அதுதான் மூதாதை.

எல்லாமே மனப்பாடம் என்றும் இல்லை. ‘குருஷல்’ என்பதன் வேர், சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல். பிரான்சிஸ் பேக்கன் 1620இல் எழுதிய நூலில், இரண்டு விளக்கங்களில் எது சரி என்று தீர்த்துவைக்கும் சான்றை, பாதை பிரியும் சந்தியில் நிற்கும் கைகாட்டிக் கம்பத்துக்கு ஒப்பிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ‘குருஷல் டிசிஷன்’ ஏன் பொருந்துகிறது என்று இப்போது பிள்ளைக்கு விளங்கும். ‘வைட்டல்’ உயிரோடு சம்பந்தப்பட்டது.

‘பரமவுண்ட்’ இன்னும் சுவையானது. நிலமானிய காலத்தில், தனக்கு மேல் வேறு பிரபு இல்லாத பிரபுவுக்குரிய சொல். இந்தியச் சமஸ்தானங்கள் மீது பிரித்தானிய முடி 1947 வரை வைத்திருந்த மேலாதிக்கத்துக்கும் இதே சொல்தான். உச்சியில் இருப்பதற்கு ‘வெரி’ எதற்கு? ‘வெரி பரமவுண்ட்’ என்பதை வெட்டும்போது இதைச் சொல்லலாம்.

‘பிக்’ பெரும்பாலும் கண்ணால் காணும் பருமனுக்கு, ‘கிரேட்’ மனதால் உணரும் அளவுக்கு. ஆனால் ‘பிக் மிஸ்டேக்’ சரி என்பதால் விதிக்கு அங்கே கால் தடுக்குகிறது. நம் தமிழில் மட்டும் என்னவாம்? பலத்த காற்று என்போம், கடும் வெயில் என்போம். ‘பலத்த வெயில்’ என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், தரம் 6 பிள்ளையே சிரிக்கும்.