தேயிலைச் சாயமும் ஒளியளவையும்

லிந்துலைத் தோட்டங்களில் கொழுந்து நாள்தோறும் தராசில் நிறுக்கப்பட்டது. எடை குறைந்தால் பறித்தவரின் கூலி குறைந்தது. ஆனால், 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தேயிலையின் தரத்தைக் கணித்தவை சுவைஞரின் கண்ணும் நாவுமே. சாயத்தின் நிறத்தைக் கூற எண் எதுவும் இருக்கவில்லை.

அவ்வெண்ணுக்கு வேண்டிய விதியோ முன்னரே பிறந்திருந்தது. ஒளி ஊடுருவும் பொருளின் தடிப்புக்கேற்ப மங்குவதைப் பூகே 1729இலும் லம்பேர்ட் 1760இலும் விளக்கினர். கரைசலின் செறிவுக்கும் அதில் பங்குண்டு என்பதைப் பியர் 1852இல் காட்டினார்.

1961இல் ரொபேட்சும் சிமித்தும் இவ்விதியைத் தேயிலைக்குப் பொருத்தினர். 380, 460 நனோமீற்றர் அலைநீளங்களில் சாயம் உறிஞ்சும் ஒளியை அளந்து, துலக்கந்தரும் தியாஃபிளேவினையும் செந்நிறமும் அடர்த்தியும் தரும் தியாரூபிஜினையும் தனித்தனியே மதிப்பிட்டனர். நொதிப்பு அளவுகடந்து நீடித்தால் முன்னது குறையும், பின்னது மேலோங்கும். 1925இல் தோன்றி, பின்னர் லிந்துலைக்கு அண்மையில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய வேதியியல் ஆய்வுகளுக்குக் களமாயிற்று.

சுவைஞரின் இடத்தை ஒளிமானி இன்றும் பறித்துவிடவில்லை. எனினும், சாயம் மங்கியதற்குக் கொழுந்து பறித்த கையை மட்டும் பழித்தல் தகாது. தொழிற்சாலையில் கழிந்த நேரமும் வினவப்படவேண்டும் என்பதற்கு அது சான்று தந்தது.