எல்லவில் ஒரு விளையாட்டுப் பெட்டி: பழைய டொஸ் விளையாட்டுகளை மீண்டும் இயக்குதல்

எல்லவிலிருந்து தெமோதரைக்குப் போகும் வழியில், தோட்டக் குடியிருப்பொன்றில் இருக்கும் நண்பரின் வீட்டு முன்னறையில் ஆளுயரப் பலகைப் பெட்டியொன்று நிற்கிறது. பழைய அலுமாரிப் பலகை, பழைய கணினித் திரை, இரண்டு ஜோய்ஸ்டிக், சில பொத்தான்கள். அதற்குள் 1990இல் டொஸ் கணினிகளுக்கு வந்த 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா' ஓடுகிறது.

அவர் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு வந்தது. நாங்கள் ஒரே வகுப்பு. உலகத்தின் பிள்ளைகள் இவ்விளையாட்டுகளை ஆடிய காலத்தில் எங்கள் பக்கம் பற்றரிக்கே தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். தவறிப்போன அந்த வயதை முப்பதுகளில் ஆடிப் பார்க்கிறோம்.

பெட்டியின் மூளை ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. டொஸ் இன்றைய கணினிகளில் நேரடியாக ஓடாது. அதனால் 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் பழைய செயலி, ஒலி அட்டை, திரை அட்டை ஆகியவற்றைப் போல நடிக்கிறது. விளையாட்டு இருக்கும் கோப்புறையை 'மவுண்ட்' கட்டளையால் சி வட்டாகக் காட்டினால் போதும். அந்தக் கட்டளையையும் விளையாட்டைத் தொடங்கும் கட்டளையையும் அமைப்புக் கோப்பின் கடைசிப் பகுதியில் எழுதி வைத்தால், டொஸ்பொக்ஸ் திறந்ததும் விளையாட்டு தானாகத் தொடங்கும்.

மூன்று சிக்கல்கள் வரும். முதலாவது வேகம். அக்காலத்து விளையாட்டுகள் பல செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. கண்மூடித்தனமாக ஓடினால் கொன்ட்ரோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்திக் குறைக்கலாம். எஃப் 12 கூட்டும். இரண்டாவது, பொத்தான்கள். டொஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் விசைப்பலகைக்கு எழுதப்பட்டவை. கொன்ட்ரோலுடன் எஃப் 1ஐ அழுத்தினால், எந்தப் பொத்தான் எந்த விசை என்று மாற்றியமைக்கும் திரை வரும். மூன்றாவது, மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவக அட்டை கெட்டுவிடும். அட்டையின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருங்கள்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் இல்லை என்பதால் ஒரு விளையாட்டின் பதிப்புரிமை போய்விடாது. 1993இல் வந்த 'டூம்' விளையாட்டின் முதல் பாகம் இலவசமாகப் பகிரவே வெளியிடப்பட்டது. தொடங்குவதற்கு அது நல்லது. ஜீஓஜி என்ற இணையக் கடை பல பழைய விளையாட்டுகளை டொஸ்பொக்ஸுடன் சேர்த்தே விற்கிறது.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயம். பதுளையில் தட்டச்சு வேலை செய்த நண்பரின் மாமா விட்டுச்சென்ற புளொப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. வன்செயலில் தோட்டங்களை விட்டுப்போன குடும்பங்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த கடிதங்களும் பெயர்ப்பட்டியல்களும் அவற்றில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். டொஸ் காலத்தில் தமிழுக்குப் பொதுவான குறிமுறை இல்லை. 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு போல, ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் எழுத்தைச் சேமித்தது. அந்த மென்பொருள் இல்லாவிட்டால் கடிதம் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். விளையாட்டை எழுப்பும் வித்தை அந்த மென்பொருளையும் எழுப்பக்கூடும். விளையாட்டல்லாத மென்பொருள்களுக்கு டொஸ்பொக்ஸ்-எக்ஸ் கூடுதலாகப் பொருந்தும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தால், பூஞ்சணம் பிடித்த புளொப்பியை இயக்கியில் போடாதீர்கள்; வாசிக்கும் தலையும் பழுதாகும். மூலையிலுள்ள சிறு துளையைத் திறந்து வைத்தால் தவறுதலாக அழியாது. முதலில் முழு வட்டையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுங்கள். பிறகு பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மாமாவின் பதினொரு புளொப்பிகளில் நான்கைப் பிரதியெடுத்துவிட்டோம். ஒன்றில் ஊர்ப் பெயர்களின் வரிசை போல ஏதோ தெரிகிறது. எந்த மென்பொருளில் எழுதினார் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.