காப்புக் கட்டாத திருநாள்



ஊவா மக்களுக்குப் பெரகலச் சந்தியைத் தெரியாமல் இருக்காது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை இவ்விடத்தில் கிளைவிடுகிறது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாய என்று தாழ்நிலத்துக்கு இறங்கும். மற்றது அப்புத்தளை, பண்டாரவளை என்று தேயிலை மலைகளைச் சுற்றிக்கொண்டு ஹாலிஎல வரை போகும். சிங்களத்தில் ‘பெர’ என்றால் மேளம். ‘கல’ என்றால் கல். மேளக்கல் என்று பொருள்படும் இந்தப் பெயர் அப்பகுதித் தோட்டங்களுக்கும் பொருத்தமானதுதான். அங்கே விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு. சாவுக்கு முழங்கியதும் தப்பு. திருவிழாவுக்கு ஊரைக் கூட்டியதும் தப்பு.

அந்தத் தப்பின் ஓசை அடங்கி, வெறிக் கூச்சல் மேலெழும் ஒரு நாளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அது தீபாவளித் திருநாள்.

மலையகத் தோட்டங்களில் தீபாவளி என்பது ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நாள். அது பல வாரங்களுக்கு முன்பே ‘தீபாவளி முற்பணம்’ என்ற சொல்லோடு தொடங்கிவிடும். முற்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் யாருக்கு என்பது பெரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பேச்சாக இருக்கும். பணம் கையில் விழுந்ததும் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக் கடைவீதிகள் நிறைந்துவிடும். பிள்ளைகளுக்குச் சட்டை, பாவாடை. கிழவிக்கு ஒரு சேலை. உளுந்து, எண்ணெய், வெல்லம். லயத்துக்காரர் பலர் சேர்ந்து அடிக்கும் ஆட்டில் ஒரு பங்கு இறைச்சி. விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியல், கோயிலில் பூசை, பலகாரத் தட்டோடு லயத்துக்கு லயம் ஓடும் சிறுவர்கள். காலை பத்து மணி வரை இதைவிட அழகான காட்சியை மலையில் காண முடியாது.

மாலை நான்கு மணிக்கு அதே லயத்தைப் பாருங்கள். புதுச் சட்டை கிழிந்திருக்கும். இரண்டு வீட்டுக்காரர்கள் பழைய வாய்க்கால் தகராறை மறுபடி தோண்டியெடுத்திருப்பார்கள். பலகாரம் சுட்ட கை கன்னத்தைப் பொத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் ஒளிந்திருப்பார்கள். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆனால் ஒரு லயத்தில் இரண்டு வீடு போதும், பத்து வீட்டுத் திருநாளும் பாழாகிவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எவருடைய துன்பமும் தனித் துன்பம் அல்ல. அன்று குடித்து முடித்த முற்பணமோ, அடுத்து வரும் சம்பளச் சீட்டுகளில் மாதாமாதம் கழிவாகத் தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

தமிழில் ‘குடி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று குடும்பம், மற்றது மது அருந்துதல். ஒன்று மற்றதை அழிக்கும் என்பதைத்தான் பழமொழியாகச் சொல்லி வைத்தார்கள். கள் நமக்குப் புதிதல்ல. அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தி சங்கப் பாடலில் இருக்கிறது. அதே மரபில் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆகவே, குடியைத் தோட்டத் தொழிலாளியின் பிறவிக் குணம்போலப் பேசுகிறவர்கள் இலக்கியத்தையும் அறியவில்லை, வரலாற்றையும் அறியவில்லை. அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

கோப்பிக் காலத்தில், இந்த மலைகளுக்கு மாட்டுவண்டிகள் அரிசியை ஏற்றிவந்து கோப்பியை ஏற்றிச் சென்றன. கரையோரத்தில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயமும் அவ்வாறே மலையேறிற்று. சாராயம் விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசாங்கம் மாவட்டம் மாவட்டமாக ஏலத்தில் விட்டது. இதுதான் சாராயக் குத்தகை. மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிகளைச் சேர்ந்த குத்தகைக்காரர் பலர் இதில் பெருஞ்செல்வம் திரட்டினர். இலங்கையின் புதிய முதலாளி வர்க்கத்தின் அடித்தளத்தில் சாராயக் குத்தகை இருந்ததைப் பேராசிரியை குமாரி ஜயவர்தன தமது 2000ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். ஏலத்தில் அதிக விலைக்கு எடுத்தவர் அதிகமாக விற்றால்தான் பிழைப்பார். கையில் காசுக் கூலி வாங்கும் மக்கள் திரளாக வாழ்ந்த இடம் தோட்டம். தவறணை அங்கே போகாமல் வேறு எங்கே போகும்?

பின்னர் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய குத்தகை முறை மாறியது. நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் புதிதாகத் திறக்கப்பட்டன. அதற்கு எதிராக எழுந்ததே 1912ஆம் ஆண்டின் மதுவொழிப்பு இயக்கம். 1904இலேயே அதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. டி. பி. ஜயதிலக்க, எஃப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க போன்றோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்களைப் பிடித்துச் சிறையிலிட்ட ஆட்சியாளர், மதுவொழிப்புக் கூட்டங்களை அரச விரோதக் கூட்டங்களாகவே கண்டனர். தவறணையை மூடச் சொல்வது கருவூலத்தின் மேல் கைவைப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த இயக்கம் பௌத்த மறுமலர்ச்சியோடு கைகோத்துக் கிராமங்களில் வளர்ந்தது. அந்நியர் கால்வைக்க முடியாதபடி துரைமாரின் காவலில் இருந்த தோட்டத்து லயங்களுக்குள் அது பெரிதாக நுழையவில்லை.

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரமும் உண்டு. 1830களில் பிரித்தானியாவின் மதுவொழிப்புச் சங்கங்கள் தொழிலாளரைக் கூட்டித் தேநீர் விருந்துகள் நடத்தின. சாராயக் கோப்பைக்குப் பதில் தேநீர்க் கோப்பை என்பது அவர்கள் வழி. அந்தத் தேநீரை ஏழைத் தொழிலாளிக்கும் எட்டும் விலையில் விற்றுப் பெயர் பெற்றவர் தோமஸ் லிப்டன். அவர் 1890இல் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் அப்புத்தளைக்கு அருகில், பெரகலவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. பிரித்தானியத் தொழிலாளியின் வெறியைத் தெளிய வைத்த கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்தவர்களின் வாசலில் சாராயத் தவறணை இருந்தது. தேயிலையை ஏற்றுமதி செய்த நாடு, தேயிலை பறித்தவர்களுக்கு மதுவை விற்றது.

லிப்டனின் பெற்றோர் பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அந்த அயர்லாந்திலும் நமது தீபாவளியைப் போல ஒரு திருநாள் இருக்கிறது. மார்ச் 17இல் வரும் புனித பற்றிக் திருநாள் அது. பஞ்சத்தாலும் வறுமையாலும் கடல்கடந்து சிதறிய மக்கள், தம்மை ஒரே இனமாக உணரும் நாள். குடிவெறியால் பேர் கெட்ட நாளும் அதுவே. 1838இல் கோர்க் நகரில் தியோபால்ட் மத்தியூ என்ற பாதிரியார் மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். இலட்சக்கணக்கானோர் அவர்முன் உறுதி எடுத்தனர். மதுவிலக்குச் சங்கங்கள் இசைக்குழுக்களை அமைத்துத் திருநாளில் ஊர்வலம் போயின. சுதந்திரம் பெற்ற பின் அந்த நாடு 1927இல் ஒரு சட்டம் இயற்றி, அந்நாளில் மதுக்கடைகளை மூடியது. டப்ளினில் நடந்த நாய்க் கண்காட்சி ஒன்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே நாய்களில் ஆர்வமே இல்லாத பலரும் அன்று அங்கே திரண்டார்களாம்! 1960இல் அந்தத் தடை நீங்கியது. சட்டம் கதவை மூடும். மனம் சன்னலைத் தேடும். ஆனால் மத்தியூ பாதிரியாரின் ஆட்கள் கையில் வாத்தியத்தைக் கொடுத்தார்களே, அதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நம்மிடமும் நல்லோர் சொல்லாமல் இல்லை. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள் மலைநாட்டுக்கும் வந்து, பதுளையிலும் பேசினார். தோட்டத் தொழிலாளருக்கு அவர் சொன்ன புத்திமதிகளில் மதுவை விடுவது முக்கியமானது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1921இல் தமிழ்நாட்டு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி முன்னின்றார்கள். குடியின் கணக்கைப் பெண்கள்தான் சரியாகப் பார்க்கிறார்கள். ஏனென்றால் அதைக் கட்டித் தீர்ப்பவர்கள் அவர்களே.

தோட்டத்துக் கணக்கைப் பாருங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆண் பெண் இருபாலாருக்கும் சம கூலி கிடைத்தது 1984இல்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் குறைந்த கூலி வாங்கிக்கொண்டு அதே கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் பெண். அவளது சம்பளத்தையும் கணவனே போய் வாங்கிவரும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. கவ்வாத்து, கான் வெட்டு என்று தரப்பட்ட வேலையை முடித்துவிட்டு ஆண் பிற்பகலிலேயே வீடு திரும்புவான். பெண் மாலைக் கொழுந்து நிறுத்தபின் வந்து அடுப்பை மூட்டுவாள். ஆணுக்கு வெறுமையான ஒரு பிற்பகலும், கையில் இருவரது காசும், போகும் வழியில் ஒரு தவறணையும். குடிப்பழக்கம் வளர வேறென்ன வேண்டும்? வாசிகசாலை இல்லை; விளையாட்டுத் திடல் இல்லை; பத்தடி அறைக்குள் உட்கார இடமும் இல்லை.

இத்தனை சொன்ன பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே மக்கள் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறார்கள். காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தகன நாள் வரை ரதியும் மதனும் தோட்டத்து வீதியில் வலம் வருவார்கள். வேடம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் குடித்தவனும் காப்புக் கட்டிய நாளிலிருந்து தொடமாட்டான். எந்தப் பொலிசும் அவனைக் காவல் காக்கவில்லை. இரவிரவாகப் பாட வேண்டும், ஆட வேண்டும், தப்பின் அடிக்குக் கால் பிசகக்கூடாது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையில் கட்டிய மஞ்சள் நூலுக்கு இருக்கும் வலிமை எந்தச் சட்டத்துக்கும் இல்லை.

அப்படியானால் தீபாவளியில் மட்டும் ஏன் இந்தக் கோலம்? தீபாவளிக்குக் காப்பு இல்லை. அன்று ஆடவனுக்குத் திருநாளில் ஒரு பாத்திரமும் இல்லை. சமைப்பவள் பெண், ஓடி விளையாடுவது பிள்ளைகள். முற்பணத்தைச் செலவழிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை வைக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் போத்தல் வந்து உட்கார்ந்துகொண்டது.

முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டே, அது மட்டும் என்ன என்று கேட்கலாம். சாமிக்கு முன் வைத்த போத்தலுக்கு ஓர் இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு, அளவும் உண்டு. பூசை முடிந்தால் அதுவும் முடிந்தது. எல்லையற்ற குடிக்கு அந்தத் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பது தெய்வத்துக்குச் செய்யும் துரோகம்.

சட்டம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதையும் தடுத்தது. அது நல்ல காரியம். ஆனால் கடையை மூடினால் கசிப்பு வரும், விலையை ஏற்றினாலும் கசிப்பு வரும் என்ற அச்சம் மலையகத்தில் வெறும் கற்பனை அல்ல. சட்டத்தோடு கூட, திருநாளைத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் நடக்க வேண்டும்.

அது பெரிய காரியமும் அல்ல. தீபாவளி அன்று பிற்பகலில் தோட்டத்து இளைஞர்கள் பொன்னர் சங்கர் கூத்தை அரங்கேற்றட்டும். அப்பாமார் வேடம் கட்டட்டும். ஒரு மாதம் முன்பே ஒத்திகை தொடங்கட்டும். அதற்கும் ஒரு காப்புக் கட்டட்டும். முற்பணத்தை வீட்டுப் பெண்ணின் கையில் முதலில் கொடுக்கும் வழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் ஒரு கோரிக்கையாகவே முன்வைக்கட்டும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை ஆண்டுகள் போராடினோம்! 2021இல் அது கைக்கு வந்தது. போராடி வாங்கிய ஆயிரம் எந்த வாசலில் இறங்குகிறது என்று பார்ப்பதும் அந்தப் போராட்டத்தின் பகுதியே.

நரகாசுரன் மடிந்த நாள் என்று தீபாவளியைச் சொல்கிறோம். லயத்துப் பிள்ளை ஒன்று அந்தக் கதையைக் காலையில் கோயிலில் கேட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்குள் போகப் பயந்து வாசலில் நிற்குமானால், அதற்கு நாம் என்ன விளக்கம் சொல்வோம்?