சிங்கில் ஊற்றிய சாறு

உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அந்தச் சொறிமீன். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல இருக்கும். பகலில் பார்த்தால் ஒளியின் சுவடே தெரியாது. இருட்டில் தொட்டால் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் பச்சை வளையமாக மின்னும். அந்த விளிம்பில் நூறு அளவுக்குச் சின்னச் சின்ன ஒளிமணிகள் உள்ளன. அறிவியலில் இதற்கு ஈக்வோரியா என்று பெயர்.

1961 கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஃப்ரைடே ஹார்பர் துறையில் இவற்றைக் கைவலையால் அள்ளிக்கொண்டிருந்தார் ஒசாமு ஷிமோமுரா. ஜப்பானிலிருந்து வந்த வேதியியலாளர். அவரை அழைத்திருந்த பிரின்ஸ்டன் பேராசிரியர் ஃபிராங்க் ஜான்சனும் கூடவே இருந்தார். அள்ளியதும் கத்திரிக்கோலால் விளிம்பை மட்டும் நறுக்குவார்கள். நறுக்கிய வளையங்களைத் துணியில் போட்டுப் பிழிவார்கள். கலங்கலாக ஒரு சாறு வரும், மங்கலாக ஒளிரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும்.

உயிர்கள் வெளிச்சம் தருவதற்கு லூசிஃபெரின் என்ற பொருளும், அதைத் தூண்டும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. ஷிமோமுராவும் அந்த வழியில் வந்தவர்தான். 1956-இல் நகோயாவில், ஒளிரும் ஒரு சிறு கடலுயிரியின் லூசிஃபெரினைப் படிகமாக்கிப் பெயர் பெற்றவர். அதே முறையை இங்கேயும் செய்து பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. லூசிஃபெரினை மறந்துவிடலாம், ஒளிரும் பொருள் எதுவானாலும் அதை நேராகப் பிரிப்போம் என்றார் ஷிமோமுரா. ஜான்சனுக்கு அதில் உடன்பாடில்லை.

ஷிமோமுரா துடுப்புப் படகொன்றில் தனியே கடலுக்குள் போய், படகை அதன் போக்கில் விட்டு யோசித்தார். ஒரு நாள் பொறி தட்டியது: இந்த வெளிச்சத்தில் புரதம் ஒன்றுக்குப் பங்கு இருக்குமானால், அமிலத்தைக் கூட்டி அதை நிறுத்தி வைக்கலாமே! கரைக்கு வந்து சாற்றில் அமிலம் சேர்த்தார். ஒளி நின்றது. வடிகட்டி, அமிலத்தை முறித்தபோது லேசாக மினுக்கியது. மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று சிங்கில் ஊற்றினார்.

சிங்க் முழுக்க நீலமாகப் பளீரென்று எரிந்தது.

மீன்தொட்டிகளில் வழிந்த கடல்நீர் அந்த சிங்குக்குள்தான் வந்துகொண்டிருந்தது. கடல்நீரில் கால்சியம் இருக்கிறது. விளக்கைப் போட்டது அந்தக் கால்சியம். இது தெரிந்ததும், கால்சியத்தைக் கட்டிப்போடும் ரசாயனம் சேர்த்துச் சாற்றை அணையாமல் காக்க வழி பிறந்தது. அந்தக் கோடையில் பிடித்த சுமார் 10,000 சொறிமீன்களிலிருந்து தேறிய தூய பொருள் ஐந்து மில்லிகிராம் அளவுதான். அதற்கு ஈக்வோரின் என்று பெயரிட்டு 1962-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் ஈக்வோரின் ஒளிர்வது நீலமாக. சொறிமீன் ஒளிர்வதோ பச்சையாக. ஈக்வோரினைச் சுத்தம் செய்யும்போது கூடவே இன்னொரு புரதமும் வந்தது. புற ஊதாக் கதிரில் காட்டினால் பச்சையாகச் சுடர்விட்டது. சொறிமீனின் உடலில் ஈக்வோரினின் ஆற்றலை வாங்கிப் பச்சையாக்கித் தருவது இதுதான். 1962 கட்டுரையில் இதற்குக் கிடைத்தது ஒரு சிறு குறிப்பு மட்டுமே. இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் பச்சை ஒளிர்புரதம் பிறந்த இடம் அந்தக் குறிப்புதான். ஷிமோமுரா அதை விட்டுவிடவில்லை. மனைவி மக்களோடு கோடைதோறும் அதே துறைக்கு வந்தார். மொத்தம் எட்டரை லட்சம் சொறிமீன்கள் பிடித்திருப்பார்கள். அந்தப் புரதத்தின் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்பதை 1979-இல் கண்டறிந்தார்.

அதன் மரபணுவைப் பிரித்து 1992-இல் வெளியிட்டவர், மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோலில் வேலை பார்த்த டக்ளஸ் பிராஷர். அதற்குமேல் ஆய்வைத் தொடர அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. மரபணுவைக் கேட்டவர்களுக்கு அனுப்பி வைத்தார். அவர்களில் இருவர் மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியனும்.

ஒளிர்வதற்குச் சொறிமீனின் வேறு நொதிகளும் தேவைப்படும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். சால்ஃபி அந்த மரபணுவை பாக்டீரியாவில் வைத்தார், பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற புழுவில் வைத்தார். தொடுகையை உணரும் அதன் நரம்புகள், உயிரோடிருக்கும் உடலுக்குள்ளேயே பச்சை இழைகளாகத் தெரிந்தன. அது 1994. ஆக்சிஜன் மட்டும் இருந்தால் போதும், இந்தப் புரதம் தன் விளக்கைத் தானே கட்டிக்கொள்கிறது. சியன் அதை மாற்றி மாற்றிப் பல நிறங்களில் வார்த்தார்.

2008-இல் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் கிடைத்தது. பரிசை மூன்று பேருக்குமேல் பகிர விதி இடம் தராது. பிராஷர் அப்போது அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரில், ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தக் கதையில் மனம் கனக்கும் இடம் இதுதான். அவரில்லாமல் இது நடந்திருக்காது என்று சால்ஃபியும் சியனும் வெளிப்படையாகவே சொன்னார்கள். தங்கள் செலவில் அவரையும் அவர் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு வரவழைத்தார்கள்.