இரத்தத்தைச் சுத்தம் செய்தால் கல்லீரல் நோயாளி பிழைப்பாரா? ஒரு வரலாற்று த்ரெட்

1/ "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், இரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷினைப் போடுங்க." கல்லீரல் செயலிழந்து ஐசியுவில் கிடப்பவரின் வீட்டார் அடிக்கடி சொல்வது இது. கிட்னிக்கு டயாலிசிஸ் இருக்கும்போது லிவருக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்வி. பதில் நூறு வருஷக் கதையில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் "இரத்த சுத்தி" லேகியம், ஜூஸ் பற்றிய பதிவு இல்லை இது. நல்ல லிவரும் கிட்னியும் உள்ளவருக்கு அதெல்லாம் தேவையே இல்லை. இது கோமாவில் இருக்கும் நோயாளியின் கதை.

3/ 1861. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், சில சவ்வுகள் வழியாகச் சின்ன மூலக்கூறுகள் போகும், பெரியவை தங்கிவிடும் என்று காட்டினார். "டயாலிசிஸ்" என்று பெயர் வைத்தவரும் அவரே. டீ வடிகட்டியை நினைச்சுக்கோங்க. சாயம் இறங்கும், தூள் மேலேயே நிற்கும். இந்த உவமை பின்னாடியும் வரும்.

4/ 1913. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஏபெலும் குழுவினரும் நாய்களின் இரத்தத்தை உடம்புக்கு வெளியே குழாய்களில் ஓடவிட்டுச் சுத்தம் செய்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க என்ன பயன்படுத்தினார்கள் தெரியுமா? அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடின்! அப்போது ஹெப்பாரின் கிடையாது.

5/ 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கேயார்க் ஹாஸ் முதன்முதலாக மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். பலன் தர இன்னும் 20 வருஷம் ஆனது. நாஜிகள் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சின்ன ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் தொத்திறைச்சிக்குப் பயன்படும் செல்லோஃபேன் உறையைச் சுழலும் உருளையில் சுற்றி மெஷின் செய்தார்.

6/ அதற்கு முன் முயன்ற ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களில், "மெஷினால்தான் பிழைத்தார்" என்று சொல்ல யாரும் இல்லை. 1945இல் கோமாவில் இருந்த 67 வயது அம்மா ஒருவர் கண் விழித்தார். கிட்னி டயாலிசிஸ் பிறந்துவிட்டது. உடனே அடுத்த கேள்வி: இதையே லிவருக்கும் செய்தால் என்ன?

7/ ஒரு துப்பு ஏற்கெனவே இருந்தது. 1893இல் ரஷ்யாவில் பாவ்லோவும் சகாக்களும் (ஆமாம், மணி அடித்த அதே பாவ்லோவ்தான்) குடலிலிருந்து வரும் இரத்தம் லிவருக்குப் போகாமல் நாய்களுக்கு மாற்றுவழி போட்டார்கள். கறி சாப்பிட்டதும் அந்த நாய்களுக்கு மூளை குழம்பியது. சந்தேகம் அம்மோனியா மேல் விழுந்தது. லிவர்தான் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி நம்மைக் காக்கிறது.

8/ அம்மோனியா தண்ணீரில் கரையும், டயாலிசிஸில் வெளியேறும். 1958இல் அமெரிக்காவில் கைலி குழுவினர் செய்தே பார்த்தார்கள். நோயாளிகள் சிலர் தெளிந்தார்கள். ஆனால் உயிர் நிலைக்கவில்லை. "முழிச்சிட்டார்" என்பதும் "பிழைச்சிட்டார்" என்பதும் வேறு வேறு. இந்தக் கதை முழுக்க இதேதான் திரும்பத் திரும்ப வரும்.

9/ ஏன் நிலைக்கவில்லை? லிவர் அகற்றும் பல கழிவுகள் (பிலிருபின், பித்த அமிலங்கள்) தண்ணீரில் சும்மா மிதப்பதில்லை. அல்புமின் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். டீ வடிகட்டி ஞாபகம் இருக்கா? தூளோடு ஒட்டிய சாயம் கீழே இறங்காது. அதோடு, லிவர் வெறும் வடிகட்டியும் இல்லை. இரத்தம் உறையத் தேவையான புரதங்கள், சர்க்கரை, அல்புமின் எல்லாம் தயாராகும் தொழிற்சாலை அது.

10/ 1960களில் டாக்டர்கள் எதையும் முயலத் தயாராக இருந்தார்கள். உடம்பின் இரத்தம் முழுவதையும் மாற்றினார்கள். இன்னொரு மனிதரின் இரத்த ஓட்டத்தோடு நோயாளியை இணைத்தார்கள். 1965இல் அமெரிக்காவில் பென் ஐஸ்மன் பன்றியின் லிவர் வழியாக நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டார். இன்று படித்தால் பகீர் என்றிருக்கும். ஆனால் ஆழ்ந்த கோமாவுக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேர் இறந்துகொண்டிருந்த காலம் அது.

11/ டென்வரில் 1963இல் தாமஸ் ஸ்டார்ஸல் முதல் மனித லிவர் மாற்று ஆபரேஷனைச் செய்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்த முதல் நோயாளி வர 1967 ஆனது. அது பரவலாகும்வரை மெஷின்தான் நம்பிக்கை.

12/ அப்போது வந்தது கரி. விஷம் குடித்தவருக்கு வாய்வழியாகக் கொடுக்கிறோமே, அதே ஆக்டிவேட்டட் சார்கோல். இரத்தத்தையே அதன் வழியாக ஓட்டினால் ஒட்டிக்கொண்ட விஷமும் வந்துவிடும் என்பது கணக்கு. 1964இல் கிரேக்கத்தில் யாட்ஸிடிஸ் தொடங்கினார். தட்டணுக்கள் கரியில் மாட்டி அழிந்தன. மான்ட்ரியலின் தாமஸ் சாங் கரித்துகள்களுக்கு மெல்லிய பூச்சு போட்டு அதைச் சமாளித்தார்.

13/ லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி. ரோஜர் வில்லியம்ஸ் தலைமையில் லிவர் செயலிழப்புக்கென்றே தனிப் பிரிவு. 1974இல் அவர்களின் கரி சிகிச்சை அறிக்கை லான்செட்டில் வந்தது. கோமாவிலிருந்து கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. இனி எல்லோருக்கும் இதையே செய்யலாம்தானே?

14/ இங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அந்தக் குழுவே தங்கள் சிகிச்சையைத் தாங்களே சோதித்தது. ஆழ்ந்த கோமாவில் இருந்த 62 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தினம் 10 மணி நேரம் கரி. மறு பகுதிக்குக் கரி இல்லாமல் அதே ஐசியு கவனிப்பு.

15/ 1988இல் முடிவு வந்தது. கரி போட்டவர்களில் பிழைத்தது 34.4%. போடாதவர்களில் 39.3%. கரியால் வித்தியாசமே இல்லை!

16/ அப்படியானால் முன்பு பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? மூளை வீக்கத்தைக் கவனிப்பது, வென்டிலேட்டர், தொற்றைத் தடுப்பது, சர்க்கரை இறங்காமல் பார்ப்பது என்று ஐசியு வைத்தியமே மேம்பட்டிருந்தது. பேர் வாங்கியது மெஷின், வேலை செய்தது நர்ஸும் டாக்டரும் கண்விழித்த இரவுகள். ஒப்பிட ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

17/ அந்த நோயாளிகளின் விவரங்களிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. யார் தானாகத் தேறுவார், யாருக்கு மாற்று லிவர் தேவை என்று கணிக்கும் "கிங்ஸ் காலேஜ் அளவுகோல்", 1989. இன்றும் பயன்படுத்துகிறோம். தோற்ற சிகிச்சை கொடுத்துவிட்டுப் போன சொத்து.

18/ 1993இல் ஜெர்மனியின் ராஸ்டாக்கில் புது யோசனை. கழிவு அல்புமினோடு ஒட்டுகிறதா? வடிகட்டியின் மறுபக்கமும் அல்புமினையே வைப்போம், கழிவு இந்தப் பக்கம் தாவட்டும். இதுதான் "மார்ஸ்". உண்மையிலேயே அழகான ஐடியா. பிலிருபின் குறைந்தது, மூளைக் குழப்பமும் குறைந்தது.

19/ உயிர்? நாள்பட்ட லிவர் நோய் திடீரென முற்றிய 189 பேரிடம் ஐரோப்பாவில் சோதித்தார்கள் (2013). 28 நாளில் உயிரோடு இருந்தவர்கள்: மார்ஸ் போட்டவர்களில் 60.7%, போடாதவர்களில் 58.9%. ரிப்போர்ட்டில் எண் குறைந்தது, மரணம் குறையவில்லை.

20/ 2016இல் ஒரு நல்ல செய்தி. கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி. திடீர் லிவர் செயலிழப்பு வந்த 182 பேர். பாதிப் பேருக்கு மூன்று நாள், தினம் 8 முதல் 12 லிட்டர் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுத் தானம் வந்த பிளாஸ்மாவை ஏற்றினார்கள். பிழைத்தவர்கள் 58.7%. மற்ற குழுவில் 47.8%. இவ்வளவு வருஷத்தில் சரியான சோதனையில் ஜெயித்தது இதுதான்.

21/ இது எடுப்பதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்கிறது. உடம்பு முழுக்கப் பரவும் அழற்சியையும் தணிக்கிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. உடனே மாற்று லிவர் கிடைத்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. வருஷக்கணக்கில் குடித்துச் சுருங்கிய லிவருக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தவும் முடியாது.

22/ நம்ம ஊருக்கும் இதில் இடமுண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். முறிவு மருந்து கிடையாது. முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே இருப்பார், பிறகு லிவர் விழும். வேலூர் சிஎம்சி டாக்டர்கள் இதற்குக் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றும் முறையைப் பயன்படுத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். யாராவது தின்றுவிட்டால் "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருக்காதீங்க. அன்றே கூட்டிட்டு வாங்க. மனசு தாங்கலைன்னா 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்க.

23/ நாளை உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை வந்தால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க. இது திடீர்ச் செயலிழப்பா, நாள்பட்டதா? மாற்று லிவர் தேவைப்படுமா, இப்போதே பெரிய சென்டருக்கு அனுப்பணுமா? இந்த மெஷின் எண்ணைக் குறைக்குமா, உயிரைக் காக்குமா?

24/ நிலத்தையும் நகையையும் விற்கும் முன் மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வாங்குங்க. "போட்டுப் பார்க்கலாம்" என்றால், எதை எதிர்பார்த்து, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவோம் என்றும் கேளுங்க. கேட்பது உங்க உரிமை. சொல்வது எங்க கடமை.

25/ பிளாஸ்மா எந்தத் தொழிற்சாலையிலும் செய்வதில்லை. யாரோ கொடுத்த இரத்தத்திலிருந்துதான் வருகிறது. கடைசியா எப்போ இரத்த தானம் பண்ணீங்க?