இலண்டன் – சிட்னி வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இலண்டன் – சிட்னி வான்வழி என்பது ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனையும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரையும் இணைக்கும் நெடுந்தொலைவு வான்பாதை ஆகும். இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 17,016 கிமீ ஆகும். புவிப்பரப்பில் எந்த இரு இடங்களும் ஏறத்தாழ 20,000 கிமீக்கு மேல் விலகியிருக்க முடியாது. குவாண்டாஸ் நிறுவனம் இப்பாதையைக் "கங்காரு வழி" என்று அழைக்கிறது.

தொலைவைக் கணக்கிடுதல்

புவி உருண்டையாக இருப்பதால், இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு வில்லாக அமைகிறது. புவி உருண்டை மாதிரியில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இதனை எளிதில் அறியலாம். இந்நூல் ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் மேலாகச் செல்லும். தட்டையான நிலப்படத்தில் இதே பாதை வளைந்து தோன்றும். வான்வெளி அனுமதி, காற்று, வானிலை ஆகியவற்றால் விமானங்கள் இதைவிடக் கூடுதலான தொலைவு பறக்கின்றன.

பயண நேரம்

மணிக்கு 900 கிமீ வேகத்தில் 17,016 கிமீ கடக்க ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். ஓர் இடத்தில் நின்று செல்லும் பயணத்துக்கு ஏறத்தாழ 22 முதல் 24 மணி நேரம் தேவைப்படும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சிட்னி நோக்கிய பயணத்துக்குத் துணை செய்கிறது. எதிர்த்திசையில் கூடுதல் நேரம் ஆகிறது. பருவத்தைப் பொறுத்து சிட்னி நேரம் இலண்டன் நேரத்தைவிட 9 முதல் 11 மணி வரை முந்தியிருக்கும்.

வரலாறு

* 1919: ராஸ் சிமித், கீத் சிமித் சகோதரர்கள் இரு பொறிவல்லுநர்களுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் இங்கிலாந்திலிருந்து டார்வினை 28 நாட்களுக்குள் அடைந்து 10,000 பவுண்டு பரிசு பெற்றனர். இதே போட்டியில் வேறு நால்வர் உயிரிழந்தனர்.
* 1943–1945: போரினால் வழி தடைப்பட்டபோது, கட்டலினா பறக்கும் படகுகள் பேர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு 5,600 கிமீக்கு மேல் இடைநிற்காமல் பறந்தன. பயணம் 27 மணி நேரத்துக்கு மேல் நீடித்ததால் பயணிகள் இருமுறை சூரிய உதயத்தைக் கண்டனர்.
* 1947: திசம்பர் 1 அன்று கான்ஸ்டலேசன் விமானம் சிட்னியிலிருந்து புறப்பட்டு டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி வழியாக நான்கு நாட்களில் இலண்டனை அடைந்தது.
* 1989: போயிங் 747-400 ஒன்று கட்டணப் பயணிகள் இன்றி இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடங்களில் இடைநிற்காமல் பறந்தது.
* 2018: மார்ச் மாதத்தில் பேர்த் – இலண்டன் (14,498 கிமீ) இடைநில்லாச் சேவை தொடங்கியது.
* 2019: நவம்பரில் போயிங் 787-9 ஆய்வுப் பறப்பு 19 மணி 19 நிமிடங்களில் இலண்டனிலிருந்து சிட்னியை அடைந்தது.

இடைநில்லாப் பறப்பின் சிக்கல்

தொலைவு கூடும்போது எரிபொருளும், அதனால் விமானத்தின் எடையும் கூடுகின்றன. அந்த எடையைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் தேவைப்படுகிறது. 236 இருக்கைகள் கொண்ட வகை விமானத்தில் 2019 ஆய்வின்போது 52 பேர் மட்டுமே பயணம் செய்தனர். நீண்ட நேரம் அமர்ந்திருப்போரின் உறக்கம், விமானிகளின் விழிப்புநிலை ஆகியனவும் அப்பறப்புகளில் ஆராயப்பட்டன. 2022 மே மாதத்தில் குவாண்டாஸ் இத்தகைய பயணங்களுக்காக 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களை வாங்குவதாக அறிவித்தது. இவற்றில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தத் திட்டமிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* பெருவட்டம்
* ஜெட் காற்றோட்டம்
* நேர வலயம்